அம்மாவோடும் பிள்ளைகளோடும் மலையகத்தில் இரண்டு நாள்: எந்த நூதனசாலை, எந்தப் பூங்கா?

கேள்வியின் சுருக்கம்: கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் சித்திரை விடுமுறையில் இரண்டு நாள் மலையகம் வருகிறது. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. கூடவே அம்மா வருகிறார். அவர் புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு கொழும்பில் குடியேறியவர். தேயிலை நூதனசாலை, தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, பேராதனைப் பூங்கா, ஹக்கல, நுவரெலியா விக்டோரியா பூங்கா என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது, பிள்ளைகளுக்குச் சலிக்காமல் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

முதலில் நுவரெலியாவை வெட்டிவிடுகிறேன். சித்திரையில் அங்கே சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று ஊர் கொள்ளாத கூட்டம். றம்பொடை வளைவில் வாகனம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின்சீட்டில் 6 வயதுப் பிள்ளை வாந்தி எடுத்தால் எந்தப் பூவும் கண்ணுக்குத் தெரியாது. கண்டி, பேராதனை, கம்பளை இந்த மூன்றுக்குள் சுற்றினாலே உங்கள் இரண்டு நாளும் நிறைந்துவிடும்.

அடுத்து, உங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அம்மா தோட்டத்தில் பிறந்தவர். அப்படியானால் உங்களுக்கு வழிகாட்டி தேட வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். வழிகாட்ட வந்தவர் அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். விதை எந்த நாட்டிலிருந்து வந்தது, மெஷின் எந்த ஊரில் செய்தது, எந்த ராணி எந்தத் தேயிலை குடித்தார், எல்லாம் சொன்னார். கொழுந்தைப் பறித்தது யார் என்ற பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. கொழுந்து தானாகவே நடந்து ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) வந்த மாதிரி ஒரு கதை. என்னோடு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் லயத்துப் பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்கிறவர்கள். அவர்களும் அதை நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் யாருக்கு வழி சொன்னாலும் வரிசையை மாற்றித்தான் சொல்வேன். ஆட்களின் நூதனசாலை முதலில், மெஷின் நூதனசாலை பிறகு.

ஆட்களின் நூதனசாலை, அதாவது நீங்கள் முதல் நாள் பார்க்க வேண்டிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, கம்பளைக்கு மேலே, பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்தது. பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய லயம் ஒன்றைத் திருத்தி, அதன் காம்பராக்களுக்குள்ளேயே (அறைகளுக்குள்ளேயே) பொருட்களை வைத்திருக்கிறார்கள். கட்டடமே முதல் காட்சிப்பொருள் என்று சொல்லலாம். தோட்டத்தில் பாவித்த கருவிகள், வீட்டுச் சாமான்கள், மேளதாளங்கள், பழைய கடதாசிகள், படங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. வேகமாகப் பார்த்தால் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். வேகமாகப் பார்க்காதீர்கள்.

எங்கள் அம்மாயியை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. முதல் அறையில் பேசாமல் நடந்தார். கொழுந்துக் கூடை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்று, "இந்தக் கயித்த எவன்டா கட்டுனது?" என்றார். எனக்கு விளங்கவில்லை. கூடைக்கயிறு நெற்றியில் மாட்டுவதல்ல, உச்சந்தலையில் சற்றுப் பின்னால் அமர வேண்டும். அதற்கு ஏற்ற நீளம் விட்டுக் கட்ட வேண்டும். இப்படிக் கட்டினால் மத்தியானத்துக்குள் கழுத்து போய்விடும் என்றார். அப்புறம் முந்தானையை நான்காக மடித்துத் தலையில் வைத்துக் காட்டினார். கயிறு அறுக்காமல் இருக்க அந்த மடிப்பு. மழை நாளில் கம்பளியைத் தலையையும் முதுகையும் மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டால் மடிப்பை வேறு மாதிரி மாற்ற வேண்டுமாம். இடுப்பில் கட்டும் படங்கு எதற்கு என்று கேட்டேன். தேயிலை வாது சேலையைக் கிழிக்காமலிருக்கவும் பனி நனைக்காமலிருக்கவும் என்றார். மட்டக்கம்பைக் கையில் எடுக்க விடமாட்டார்களே என்று கொஞ்சம் வருத்தம். அதைச் செடிமேல் கிடத்தித்தான் எந்த மட்டத்துக்கு மேல் கிள்ளுவது என்று பார்ப்பார்கள். அன்று எங்கள் பின்னால் வந்த வேறொரு குடும்பமும் நின்று கேட்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடிக்குள் எழுதி ஒட்டிய விளக்கத்தில் இதில் பாதிகூட இருக்காது. ஆகவே நீங்களும் ஒவ்வொரு பொருளின் முன்னாலும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு அம்மாவைப் பேச விடுங்கள். போன் ஒலிப்பதிவில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு அங்கே செய்ய இரண்டு வேலை சொல்கிறேன்.

முதலாவதுக்கு ஒரு சோக்குக்கட்டியும் அளவு நாடாவும் போதும். தோட்டத்து லயக் காம்பரா என்றால் வழக்கமாகச் சொல்கிற கணக்கு பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். நூதனசாலைக் காம்பராவை உங்கள் மகனை அளக்கச் சொல்லுங்கள். வெளியில் எங்காவது தரையில் அதே அளவுக்குக் கோடு கீறுங்கள். தரையில் கீறக்கூடாது என்றால் தங்குமிடத்துக்கு வந்து முற்றத்தில் கீறலாம். பிறகு உங்கள் ஐந்து பேரும் அதற்குள் நில்லுங்கள். அடுப்பு எங்கே, தண்ணீர்க்குடம் எங்கே, அரிசி எங்கே, படுக்கை எங்கே என்று மகள் சோக்கால் கட்டம் போடட்டும். கடைசியில் பெட்டி வைக்க இடமிருக்காது. அப்போது அம்மாவிடம், "உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுத்தீர்கள்?" என்று கேளுங்கள். இதைச் செய்து பார்த்த ஒரு வீட்டில் அந்தக் கேள்வியிலிருந்து இரவு பத்து மணிவரை பேச்சு நீண்டது.

இரண்டாவது வேலை தகரத் துண்டு. இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் (தொழிலாளருக்குத் தலைமை தாங்கிய மேற்பார்வையாளர்கள்) ஆள்சேர்த்துக் கொண்டுவந்த காலத்தில், ஆரம்பத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்துதான் வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கதையும் அந்த நடையோடு ஒட்டியதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் குறித்த சிறிய தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டும். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். பிறகு தொழிலாளியின் கடனாக இறங்கும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் இரண்டு பக்கமும் ரயிலும் இணைந்த பிறகு காட்டுநடை நின்றது. கடன் நிற்கவில்லை. துண்டு என்று இன்னொன்றும் இருந்தது. அது கடதாசித் துண்டு. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விட்டுத்தருகிறேன் என்று துரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகி, எழுதிக் கொடுப்பது. ஆளை விற்பதுபோல்தான். அது 1921இல் சட்டப்படி ஒழிந்தது. இரண்டு துண்டையும் ஒன்றாக நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு, நீங்கள் குழம்ப வேண்டாம்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, துளையிட்டு, நூல் கோத்து, அதில் ஒரு தோட்டப் பெயரும் ஒரு இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். அம்மா பிறந்த தோட்டத்தின் பெயரே இருக்கட்டும். துரைமார் வைத்த பெயர் ஒன்றாகவும், ஆட்கள் வாயில் புழங்கும் தமிழ்ப் பெயர் வேறாகவும் இருந்த தோட்டங்கள் பல. அம்மாவுக்கு இரண்டும் தெரிந்திருக்கும். மகனுக்குக் கேள்வி ஒன்று வரும்: "துண்டில் ஆளின் பெயர் ஏன் இல்லை, இலக்கம் மட்டும் ஏன்?" அதற்கு நீங்கள் உடனே பதில் சொல்லாதீர்கள்.

அம்மாவின் வயதைக் கணக்கிட்டால், 1964 ஒப்பந்தம் அவர் வீட்டையும் தொட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போனவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மிச்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அரிசி மூட்டை பிரிப்பது மாதிரி. அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இங்கே என்று குடும்பம் பிரிந்தது. தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலை எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்பார்கள். அம்மாவுக்கு இது ரணமான விஷயமாக இருந்தால் நூதனசாலையில் வைத்துக் கேட்க வேண்டாம். அவராக எடுத்தால் மட்டும் கேளுங்கள்.

கோச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. கொழும்பிலிருந்து வரும் வழியிலேயே கடுகண்ணாவையில் ரயில் நூதனசாலை இருக்கிறது. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியதன் 150ஆம் ஆண்டு நிறைவில், 2014 டிசம்பர் 27இல் திறந்தார்கள். பழைய எஞ்சின்கள், ரயில் கார்கள், சமிக்ஞைக் கருவிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இங்கே எந்த விளையாட்டும் சொல்லித்தரத் தேவையில்லை. எஞ்சினைக் கண்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். மகனுக்கு ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். மலைக்கு ரயில் போட்டது உல்லாசப் பயணிகளுக்காக அல்ல, கோப்பி மூட்டை இறக்க. கண்டிக்கு 1867இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல், பதுளையை எட்ட 1924 ஆகிவிட்டது. இடையில் கோப்பியே செத்துப்போய், தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டி ஓடத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் பேராதனை. சித்திரையில் மலைநாட்டில் காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். அதனால் பூங்கா என்றால் காலை, கூரை என்றால் பின்னேரம் என்று வைத்துக்கொண்டால் தப்பாது. கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. கண்டி ராசாக்களின் நந்தவனமாக இருந்ததை 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் தாவரவியல் பூங்காவாக ஆக்கினார். முழுவதையும் நடந்து பார்க்க ஆசைப்பட்டால் 6 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அம்மாவின் முழங்காலையும் நினைக்க வேண்டும். நான் நான்கு இடம் சொல்கிறேன், மற்றதைக் கால் போகிற போக்கில் விடுங்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் வாசனைப் பயிர்கள் உள்ள பகுதி. கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம், மிளகு. இங்கே மோப்ப விளையாட்டு. விதி ஒன்றுதான்: மரத்திலிருந்து பறிக்கக்கூடாது, விழுந்து கிடக்கும் இலையை மட்டும் எடுக்கலாம். ஒருவர் கண்ணைப் பொத்திக்கொள்ள, மற்றவர் இலையைக் கசக்கி மூக்கில் காட்ட வேண்டும். பெரியவர்கள்தான் அதிகம் தோற்பார்கள். கறுவா இலையையும் கராம்பு இலையையும் பிரித்துச் சொல்ல முடியாமல் நானே மாணவர்களிடம் மானம் போய் நின்றிருக்கிறேன்.

அடுத்தது நாகலிங்க மரம். 1901இல் வந்த பிரித்தானிய இளவரசரும் மனைவியும் நட்டது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி ராணியுமானவர்கள். பீரங்கிக் குண்டுபோலக் காய் தொங்குவதால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் வேறு. நம்மவர்கள் பூவைப் பார்த்தார்கள்: படமெடுத்த பாம்பு, கீழே சின்ன லிங்கம். தென்னமெரிக்க மரம் சிவன் கோயில் பிரகாரத்தில் ஏறியது இப்படித்தான். கீழே விழுந்த பூ கிடைத்தால் மகளிடம் கொடுத்து, உள்ளே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நீங்கள் எதுவும் சொல்லித் தராமல் கேட்க வேண்டும். ஒரு பிள்ளை எனக்குச் சொன்ன பதில்: "தூளியில படுத்திருக்கிற பாப்பா." அதுவும் சரிதான்.

மூன்றாவது, ஆற்றோரத்து ராட்சத மூங்கில். மழை பிடித்த காலத்தில் ஒரு நாளில் ஓர் அடிவரை வளரும் இனம். மகனின் முழங்கை நீளத்தைக் காட்டி, "இன்று காலையிலிருந்து நாளைக் காலைக்குள் இவ்வளவு" என்று சொன்னால் வாயைப் பிளப்பான். பக்கத்து மரங்களில் பெரிய வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும். எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில் அம்மா கொஞ்சம் உட்காரலாம்.

நான்காவது, நடுவிலுள்ள பெரும் புல்வெளியும் அதில் குடை விரித்து நிற்கிற ஜாவா அத்தி மரமும். சாப்பாட்டுக் கட்டை அவிழ்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் குரங்கு இருக்கிறது, ரொட்டியையும் சம்பலையும் திறந்துவைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார் என்று மகனுக்குச் சொன்னால் அவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சண்டை போடுவான். இரட்டைத் தேங்காய் மரமும் ஒரு நடை தூரம்தான். சீஷெல்ஸ் தீவுச் சரக்கு. உலகிலேயே பெரிய விதை. ஒன்று 20 கிலோவரை வரும். ஓர்க்கிட் கூடம் அழகுதான், ஆனால் பிள்ளைகளுக்கு அது ஐந்து நிமிடச் சமாசாரம்.

தேயிலைக்கும் இந்தப் பூங்காவுக்கும் உள்ள சொந்தம் பலருக்குத் தெரியாது. 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடிகளை முதலில் நட்டுப் பார்த்தது பேராதனையில்தான். 1839இல் அசாம் விதையும் வந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை, எல்லோருக்கும் கோப்பிப் பைத்தியம். 1869இல் கோப்பி இலையில் ஒருவகைத் துருப் பூஞ்சணம் கண்டது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய பெரிய துரைமார் கடனாளியானார்கள். செத்த கோப்பி மரங்களின் அடிக்கட்டையைச் சீவி, தேநீர் மேசைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். கேலிக்குக் கட்டிய கதைபோல் இருக்கிறது, இல்லையா?

மழை இருட்டத் தொடங்கும் நேரம் ஹந்தானைக்கு ஏறுங்கள். கண்டி நகரத்திலிருந்து 4 கிலோமீட்டர் சொச்சம். 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை பத்து வருடத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திருத்தி 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். உள்ளே போவதற்கு முன் வெளியில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். நான்கு மாடி, மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல். தொழிற்சாலைக்கு எதற்கு இத்தனை ஜன்னல் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பறித்த கொழுந்தை மேல்மாடித் தட்டுகளில் பரப்பி இரவெல்லாம் காற்றில் வாட்ட வேண்டும். வாடாத கொழுந்தை அரைத்தால் நொறுங்கிப்போகும். வாடியதை அப்படியே கீழே இறக்கினால் உருட்டும் மெஷின். அதற்குப் பிறகு பரப்பி வைத்தால் பச்சை செம்பாகும். அடுப்பில் காய்ந்தால் கறுப்பாகும். கடைசியில் சல்லடை. மேலிருந்து கீழே இறங்கி வருவதற்காகவே கட்டிய கட்டடம் என்று விளங்கிவிட்டால், உள்ளே நிற்கிற மெஷின்களுக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

கீழ்த்தளத்தில் எஞ்சின்களும் மின்பிறப்பாக்கிகளும். இரும்பு பிடிக்கிற பிள்ளை என்றால் அங்கேயே நின்றுவிடும். மேலே ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு வியாபாரத்தைத் தொடங்கிய ஸ்கொட்லாந்துக்காரர். முதலில் அவரிடம் மெஷின் இல்லை. பங்களா இஸ்தோப்பில் மேசை போட்டு, கையால் கொழுந்தை உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டிக் காயவைத்தார். உருட்டிய கைகள் யாருடையவை என்று நேற்றுப் பாரதெக்கவுக்குப் போய்வந்த பிள்ளை கேட்டால், வரிசை மாற்றிச் சொன்னதன் பலன் எனக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உச்சி மாடியில் தேநீர்க்கடையும் ஒரு தொலைநோக்கியும். மழை விட்டிருந்தால் கண்டி முழுக்கத் தெரியும். மழை என்றால் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சாயம் (பால் விடாத தேத்தண்ணி) குடிக்கலாம்.

அங்கே மகனுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ கேட்கிறார்கள். ஒரு கிள்ளலில் வருகிற கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாக வைத்தாலும் 18,000 கிள்ளல். இரண்டு கையையும் தூக்கி, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, ஒரு நிமிடத்தில் அவனால் எத்தனை தடவை சும்மா காற்றில் கிள்ள முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு மீதியை அவனே வகுத்துக்கொள்ளட்டும். சரிவில் நின்றுகொண்டு, முதுகில் கூடை கனக்க, காலில் அட்டை ஏற என்பதை அம்மா சேர்த்துச் சொல்வார்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலையும் தருகிறேன். இதைச் செய்யாமல் விடாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்கிற சொந்தக்காரர் அல்லது வீட்டுத்தோட்டத்தில் நாலு செடி வைத்திருக்கிறவர் யாரிடமாவது கேட்டு, இரண்டு இலையும் மொட்டுமாக இரண்டு கைப்பிடி கொழுந்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் ரோட்டோரத்து மலையில் கிள்ளாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், திட்டும் விழும். கொழுந்தைப் பத்திரிகைத் தாளில் பரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து இருபது நிமிடம் உருட்டுங்கள். கை பச்சையாகி ஒட்டும், பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. தட்டில் பரப்பி ஈரத்துணி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மூடி வையுங்கள். நிறம் செம்புக்கு வந்து, வாசம் பச்சையிலிருந்து பழவாசத்துக்கு மாறும் நேரம் ஒன்று உண்டு. அதை மகளின் மூக்கிடம் ஒப்படையுங்கள். பிறகு வெறும் தாச்சியில், சின்ன நெருப்பில், கருகாமல் கிளறிக்கொண்டே காயவையுங்கள். இரண்டு கைப்பிடிக்குக் கடைசியில் நாலு தேக்கரண்டி தேறினால் பெரிது. அதில் போட்ட தேத்தண்ணி அவ்வளவு ருசியாக இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் விடமாட்டார்கள்.

மூன்றாவது நாள் ஒன்று கையில் கிடைத்தால் இரண்டு வழி. ஒன்று லூல்கந்துர. கலஹா, தெல்தோட்டை வழியாகப் போகலாம். டெய்லர் குடியிருந்த வீட்டின் புகைபோக்கி மிச்சமும், அவர் உட்கார்ந்ததாகச் சொல்கிற கல் ஆசனமும் அங்கே இருக்கின்றன. ரோடு குறுகல், காலுறை போடாவிட்டால் அட்டை. லூல்கந்துர இருக்கிற அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான் முல்லோயாத் தோட்டமும். 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்த இடம். டெய்லருக்குக் கல் ஆசனம் காட்டுகிறபோது கோவிந்தன் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

மற்றது நுவரெலியாப் பக்கத்து ஹக்கல பூங்கா, சீசன் கூட்டம் வடிந்த பிறகு. 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா அந்தப் பட்டையிலிருந்துதான். இப்போது ரோஜாவுக்குப் பேர்போனது. வழியில் சீதா எலிய கோயில் வரும், அம்மா கட்டாயம் இறங்குவார், அதற்கும் நேரம் போட்டுக்கொள்ளுங்கள். விக்டோரியா பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ரயில் உண்டு. குருவி பார்க்கிற பழக்கம் இருந்தால் குளிர்கால மாதங்களில் இந்தியாவிலிருந்து வந்து தங்குகிற பறவைகளுக்காக அங்கே போகலாம். மற்றபடி பேராதனையைப் பார்த்த கண்ணுக்கு அது சாதாரணம்.

சில்லறை விஷயங்கள். பாரதெக்க நூதனசாலைக்குப் போகிற நாளுக்கு முன்பே பேசி, திறந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் எந்த இடத்தையும் நம்பிப் போகாதீர்கள், ஹந்தானை உட்பட. அடைமழை என்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு மலைரோட்டில் ஏறுங்கள். சோறு கம்பளை டவுனில் சாப்பிட்டுவிட்டே மேலே போய்விடுவது நல்லது.

இன்னொன்று. தேயிலை நாற்றுமேடையைத் தோட்டத்தில் தவறணை என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரிடம் அந்தச் சொல்லுக்குக் கள்ளுக்கடை என்று அர்த்தம். உங்கள் மனைவி யாழ்ப்பாணம் என்றால், அம்மா பேச்சுவாக்கில், "சின்ன வயசுல நான் தவறணையிலதான் வேலை செஞ்சேன்" என்று சொல்லும்போது பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துவிடுங்கள்.